பக்கியும் பாக்கியும்

ஏ4 தாள் பெட்டி ஒன்றில் ஐந்து ரீம் இருக்கும். ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. நாற்பது பெட்டி ஏற்றினால் எங்கள் பக்கிக்கு அரை டன் ஆகிவிடும். அதற்குமேல் ஒரு பெட்டிகூட ஏற்ற மாமா விடமாட்டார். பக்கி என்பது பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. தென்னாப்பிரிக்காவில் யாரைக் கேட்டாலும் அதற்கு இந்தப் பெயர்தான். “பக்கி போனாத்தான்மா பாக்கி வரும்” என்பது மாமாவின் வாய்ச்சொல். சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் நமக்கு வரவேண்டிய பணம் வரும் என்கிறார். பதினாறு வருஷமாக இந்தக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பக்கி ஒரு நாளும் தவறியதில்லை. பாக்கி எந்த வழியாக வருகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது லெனேசியாவில், ஜோகன்னஸ்பர்க் நகர மையத்திலிருந்து தென்மேற்கே முப்பது கிலோமீட்டருக்கும் மேல். மாமாவின் அப்பா ஜோகன்னஸ்பர்க் நகருக்குள் பேஜ்வியூ என்ற பகுதியில் கடை வைத்திருந்தவர். இன்னின்ன இனத்தார் இன்னின்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950இல் போட்ட சட்டத்தால் அங்கிருந்து கிளப்பிவிடப்பட்ட குடும்பம். மாமா பேசுவது அவருடைய ஆவா, அதாவது பாட்டி, அடுப்படியில் பேசிய தமிழ். நான் கொண்டுவந்தது கும்பகோணத்துத் தமிழ். கல்லாவில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. தாள், ஃபைல், டோனர், குப்பைப் பை, தரை துடைக்கும் மருந்து, இவைதான் எங்கள் சரக்கு. வாங்குவதில் பாதிக்கு மேல் மாகாண அரசின் துறைகள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு துறைக்கு நாற்பது பெட்டித் தாளும் ஒரு தொகுதி டோனரும் அனுப்பினோம். மொத்தம் 1,68,000 ராண்ட். ஸ்டோர்கீப்பர் எண்ணிப் பார்த்து டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அன்று மாலையே இன்வாய்ஸ் அனுப்பினேன். இன்வாய்ஸ் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் அரசுத் துறை பணத்தைத் தீர்க்க வேண்டும் என்பது கருவூல விதி. பொது நிதி மேலாண்மைச் சட்டம் என்று 1999இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 38ஆம் பிரிவு இந்தக் கடமையைத் துறைத் தலைவரின் தலையில்தான் வைக்கிறது.

முப்பத்தோராம் நாள் போன் செய்தேன். “ப்ராசஸில் இருக்கிறது” என்றார்கள். நாற்பத்தைந்தாம் நாள், இன்வாய்ஸே காணோம், மறுபடி அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். அறுபதாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. டோனர் வந்ததாகக் கணினியில் பதிந்திருக்கிறார்கள். தாள் வந்ததாகப் பதியவில்லை. முத்திரை குத்திய ஸ்டோர்கீப்பர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பழைய டெலிவரி நோட்டின் நகலை மாமா கையோடு எடுத்துக்கொண்டு போய், மூன்று மாடி ஏறி இறங்கி, ஒரு பெண் அதைப் பதிவு செய்யும்வரை பக்கத்திலேயே நின்றிருந்து திரும்பினார். 117ஆம் நாள் பணம் வந்தது. இடையில் புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளியும் வந்துவிட்டது. கடையில் வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஓவர்டிராஃப்டிலிருந்துதான் சம்பளம் போட்டோம். அந்த வட்டியை யாரும் தரவில்லை.

அந்த நாலு மாதத்தில் நான் தூங்காத இரவுகள் உண்டு. யாரோ வேண்டுமென்றே நம் பணத்தை நிறுத்துகிறார்கள் என்றுகூட நினைத்தேன். எதிர்வீட்டு அக்காதான் என்னை உட்கார வைத்துச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பணியில், ஆள்சேர்ப்பு, சம்பளப் பிரிவுகளில் இருந்து ஓய்வு பெற்றவர். “ஆள் யாரும் கெட்டவங்க இல்லம்மா. ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாறுற இடத்துலதான் எல்லாம் கீழ விழும்” என்றார். அப்புறம் தேநீர் ஆறும்வரை விளக்கினார். ஆர்டர் ஒன்று, சரக்கு வந்த பதிவு ஒன்று, இன்வாய்ஸ் ஒன்று. மூன்றிலும் எண்ணும் தொகையும் ஒத்துப்போனால்தான் பணம் அனுப்பும் பொத்தானை அமுக்க முடியும். மூன்றையும் மூன்று பேர் பார்க்கிறார்கள், சில சமயம் மூன்று கட்டடங்களில். பார்க்கப்போனால் நல்ல ஏற்பாடுதான். ஒரே ஆள் ஆர்டரும் போட்டு, சரக்கு வந்ததென்றும் எழுதி, பணமும் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேரில் ஒரு நாற்காலி காலியானால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

அன்றிலிருந்துதான் மாகாண அரசின் இந்தப் பின்கட்டு வேலைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் கௌடெங் மாகாணம் நாட்டின் நிலப்பரப்பில் ஒன்றரை சதவீதம்தான். 2022 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகையோ 1 கோடியே 51 லட்சம். இத்தனை பேருக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் அரசுக்கு ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, பொருள் வாங்குவது, பில் தீர்ப்பது, கட்டடம் பார்ப்பது, கணினி ஓட்டுவது என்று ஒரு பெரிய வீட்டு வேலையே இருக்கிறது. சமையற்கட்டு மாதிரி. விருந்தாளி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே அடுப்பு அணைந்தால் இலையில் ஒன்றும் விழாது.

இந்த வேலைகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரலாம் என்று கௌடெங் ஒரு முறை முயன்றது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1994க்கு முன் இங்கே வெள்ளையருக்கு ஒரு கல்வித் துறை, இந்தியருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, கறுப்பின மக்களுக்குத் தனியாக. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி குமாஸ்தா, தனி ஃபாரம். இந்தியர்களின் “சொந்த விவகாரங்கள்” என்று 1983 அரசியலமைப்புச் சட்டம் ஒதுக்கிக் கொடுத்த நிர்வாகத்தில் அக்கா முதலில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். 1994இல் பழைய டிரான்ஸ்வால் உடைந்து புது மாகாணம் பிறந்தபோது இத்தனை அலுவலகங்களையும் ஒன்றாகத் தைக்க வேண்டியிருந்தது. ஒரே ஊழியருக்கு இரண்டு ஃபைல், மூன்று ஃபைல் இருந்த காலத்தை அக்கா இன்னும் சொல்வார். பெயரின் எழுத்து ஒவ்வொரு ஃபைலிலும் வேறு வேறு மாதிரி இருக்குமாம். நம் தமிழ்ப் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். ‘பிள்ளை’ என்ற ஒரு பெயர் ‘பிள்ளே’ என்று ஒலிக்க ஒரு விதமாகவும் ‘பில்லாய்’ என்று ஒலிக்க ஒரு விதமாகவும் பதிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட அடையாள எண்ணைத் தேடி ஒட்ட வேண்டும். அது சரியாக ஒட்டப்படாவிட்டால் அந்த ஆளின் ஓய்வூதியத்தில் பத்து வருஷம் காணாமல் போகும்.

2001இல் கௌடெங் பகிர்வுச் சேவை மையம் தொடங்கியது. மாகாணத் துறைகள் தனித்தனியே செய்துகொண்டிருந்த கொள்முதல், ஆள் நிர்வாகம், கணக்கு, தணிக்கை, தொழில்நுட்பம் எல்லாவற்றையும் அந்த ஒரே மையம் செய்து கொடுக்கும் என்பது திட்டம். சுகாதாரத் துறை மருத்துவத்தைப் பார்க்கட்டும், கல்வித் துறை பாடத்தைப் பார்க்கட்டும், காகித வேலை மையத்துக்கு வரட்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே பொருளைப் பத்துத் துறை பத்து விலைக்கு வாங்குவதும் நிற்கும்.

அது ஏன் அப்படியே நிலைக்கவில்லை என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குப் படுவது இது. சட்டப்படி ஒரு துறையின் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் துறையின் தலைவர். தணிக்கையாளர் வந்து கேட்டால் அவர்தான் நிற்க வேண்டும். ஆனால் ஆர்டர் போட்ட கையும் ஆள் எடுத்த கையும் வேறொரு அலுவலகத்தின் கைகள். பொறுப்பு ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எப்படி முடியும் என்று தெரியும். ஏறக்குறைய 2010ஐ ஒட்டி மையம் நிதித் துறைக்குள் போய்ச் சேர்ந்தது. ஆள் நிர்வாகமும் கொள்முதலும் பெரும்பாலும் துறைகளுக்கே திரும்பின. கணினி சார்ந்த வேலைகள் பிற்பாடு மின்-அரசாண்மைத் துறை என்று தனியாக நின்றன. நாடு முழுவதற்கும் பொதுவாக பெர்சால் என்ற ஒரே சம்பளக் கணினிமுறை ஓடுகிறது. அது இன்றுவரை நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரியான, கூட்டல் கழித்தல் வேலையை ஒரே இடத்தில் வைக்கலாம். இந்தப் பள்ளிக்கு எந்த ஆசிரியர் வேண்டும் என்ற முடிவை நகர மையத்தின் பதினைந்தாம் மாடியில் வைக்கக்கூடாது. அக்காவுக்கும் எனக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை.

சாமான் விற்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே இடத்துக்கு வந்ததால் கிடைத்த பெரிய நிம்மதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு துறையும் தன் சப்ளையர் பட்டியலைத் தானே வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபைல் கட்ட வேண்டும். அடையாள அட்டை நகல், நிறுவனப் பதிவு, வரி பாக்கி இல்லை என்ற சான்று, வங்கிக் கடிதம். நகலெல்லாம் அசலோடு ஒத்ததென்று போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அந்த முத்திரையும் மூன்று மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வரிசையில் பள்ளிச் சேர்க்கைக்கு வந்த தாய்மாரோடு நானும் நிற்பேன். கான்ஸ்டபிள் ஒவ்வொரு தாளையும் புரட்டி, முத்திரையை மையில் அழுத்தி, தேதி எழுதி, கையெழுத்திட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு துறைக்கு முடித்தால் அடுத்த துறைக்கு அதே கதை.

2015 செப்டம்பரில் தேசியக் கருவூலம் மத்திய சப்ளையர் தரவுத்தளத்தைத் திறந்தது. 2016 ஏப்ரலிலிருந்து தேசிய, மாகாணத் துறைகள் அதில் பதிந்தவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஆனது. ஒரு தடவை பதிந்தால் போதும். ‘எம்ஏஏஏ’ என்று தொடங்கும் ஒரு எண் கிடைக்கும். வரித் துறையோடும் நிறுவனப் பதிவகத்தோடும் உள்துறையோடும் தரவுத்தளமே பேசிச் சரிபார்த்துக்கொள்ளும். கடை முதலாளி அரசு ஊழியராகவும் இருக்கிறாரா என்றும் பார்க்கும். இருந்தால் விற்க முடியாது. எங்கள் எண் வந்த அன்று மாமா அதை அட்டையில் எழுதி, கடைச் சுவரில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினார். அதில் எனக்குக் கண் கலங்கியது. அவருடைய அப்பா காலத்தில் இந்தியக் கடைக்காரர் அரசு டெண்டரைக் கனவில்கூட நினைக்க முடியாது. கடை வைக்கும் இடத்தையே அரசு பறித்துக்கொண்ட காலம் அது. இன்றைக்கு அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு, அரசு எதை வாங்கினாலும் நியாயமாக, சமமாக, வெளிப்படையாக, போட்டிக்கு இடம் கொடுத்து, செலவுக்கேற்ற பலனோடு வாங்க வேண்டும் என்கிறது. டெண்டர் அறிவிப்பு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வருகிறது. விலைக்கு 80 புள்ளி, சமூக நோக்கங்களுக்கு 20 புள்ளி என்று கணக்குப் போட்டு யாருக்கு ஆர்டர் என்று தீர்மானிக்கிறார்கள். 5 கோடி ராண்டுக்கு மேல் போனால் 90க்கு 10.

சேர்த்து வாங்குவதில் எங்களுக்குப் பயமும் உண்டு. கார், கைப்பேசி இணைப்பு மாதிரியான பொருள்களுக்குத் தேசியக் கருவூலம் எல்லாத் துறைகளுக்குமாக ஒரே ஒப்பந்தம் போடுகிறது. விலை குறையும், மறுக்க முடியாது. நாளைக்குத் தாளுக்கும் டோனருக்கும் அப்படி ஒன்று வந்தால் லெனேசியாவில் பக்கி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலையில்லை. அரசுக்கு மிச்சமாகும் காசும் எங்கள் கடையில் இரண்டு பேர் வாங்கும் சம்பளமும் ஒரே தராசில்தான் நிற்கின்றன. கார்களை மொத்தமாக வாங்குங்கள், தாளை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. என் பிழைப்பு இதில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கனக்கிறது. பல காலமாக ஒரு விதி இருந்தது. 5 லட்சம் ராண்டுக்குக் கீழே வாங்கினால் முழு டெண்டர் வேண்டாம், சிலரிடம் கொட்டேஷன் கேட்டால் போதும் என்று. 2022 ஏப்ரலிலிருந்து அது 10 லட்சம். எங்களைப் போன்ற சின்னக் கடைகள் உள்ளே நுழையும் வாசல் அதுதான். அந்த வாசலையே திருடர்களும் கண்டுபிடித்தார்கள். டெம்பிசா மருத்துவமனையில் ஆர்டர்கள் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் கீழே என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததைக் கவனித்தவர் பபிதா தேவ்கரன். கௌடெங் சுகாதாரத் துறையின் கணக்குப் பிரிவில் உயர் அதிகாரி. சந்தேகத்துக்குரிய பணம் 85 கோடி ராண்ட் அளவுக்குப் போயிருக்கலாம் என்று எச்சரித்தார். சில பணம் அனுப்புதல்களை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரம் கழித்து, 2021 ஆகஸ்ட் 23 காலையில், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு திரும்பியவரை, ஜோகன்னஸ்பர்க்கின் தென்பக்கத்து வின்செஸ்டர் ஹில்ஸில் அவர் வீட்டு வாசலில், காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்ட வழக்கில் ஆறு பேர் 2023 ஆகஸ்டில் தண்டனை பெற்றார்கள்.

நாங்கள் இருப்பதும் அதே தென்பக்கம்தான். செய்தி வந்த அன்று எதிர்வீட்டு அக்கா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. ஆள்சேர்ப்பிலும் சம்பளத்திலும் காகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலையாகவும் இருந்தது. ஒத்துப்போகவில்லை, நிறுத்துங்கள் என்று அவரும் எத்தனையோ தடவை எழுதியிருப்பார். என் பணத்தை நாலு மாதம் நிறுத்திய கையையும் பபிதாவின் கையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் சரக்கு வந்ததா என்று பார்க்காமல் ஒரு ராண்டையும் விடமாட்டேன் என்று சொல்ல ஆள் வேண்டும், அப்படிச் சொன்னவர் உயிரோடு வீடு போய்ச் சேரவும் வேண்டும். மையமாக்குவதா துறைகளுக்கே விடுவதா என்ற பேச்சு எங்கே நடந்தாலும் நான் முதலில் கேட்பது, வேண்டாம் என்று எழுதும் அந்த அதிகாரிக்கு யார் காவல் என்பதைத்தான்.

கட்டடம் பார்ப்பதும் இதே பின்கட்டு வேலைதான். அது தவறினாலும் உயிர் போகிறது. ஜோகன்னஸ்பர்க் நடுவில் பேங்க் ஆஃப் லிஸ்பன் என்று 31 மாடிக் கட்டடம் இருந்தது. சுகாதாரத் துறை உள்பட மாகாணத் துறைகள் அதில் இருந்தன. 2018 செப்டம்பர் 5 அன்று தீப்பிடித்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கட்டடப் பாதுகாப்பு 85 சதவீதமாவது இருக்க வேண்டிய இடத்தில் 21 சதவீதம்தான் இருந்தது என்று அரசே சொன்னது. அடுத்த வருஷம் நவம்பர் 24 அன்று வெடிவைத்து அதை இறக்கினார்கள். சில நொடிகளில் தரைமட்டம். மாமா டெலிவரிக்காக ஏறி இறங்கிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. “லிஃப்ட் வேலை செய்யாத நாள்ல அந்தப் படியில பெட்டியத் தூக்கிருக்கேன்மா” என்று மட்டும் சொன்னார். டிவியை அணைத்துவிட்டுப் போய் விளக்கேற்றினார்.

2024 ஜூலையில் ஜனாதிபதி ரமபோசா புதிய பொதுக் கொள்முதல் சட்டத்தில் கையெழுத்திட்டார். துண்டு துண்டாகக் கிடந்த விதிகளை ஒன்றாகக் கட்டுவது அதன் நோக்கம். நான் முழுவதும் படித்தேன். பில் தீர்க்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று பதிவு செய்ய வைக்க வேண்டிய அவசியம் இனி மாமாவுக்கு வராமல் இருக்க வேண்டும். அவருக்கு எழுபத்தொரு வயது.

போன மாதம் ஒரு கிளினிக்குக்கு நாற்பது பெட்டி போயிற்று. நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டோரில் புதிதாக ஒரு இளம்பெண். பெட்டிகளை எண்ணினாள். ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் தடவிப் பார்த்து, நனைந்திருக்கிறது, இது வேண்டாம் என்றாள். காலையில் மழை, தார்பாயின் ஓரத்தில் அந்தப் பெட்டி இருந்திருக்கிறது. டெலிவரி நோட்டில் 40ஐ அடித்து 39 என்று எழுதி, பக்கத்தில் அவளும் நானும் சின்னக் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே கணினியில் 39 என்று ஏற்றி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

வண்டியில் ஏறும்போது மாமா சொன்னார்: “எண்ணுது பாரு அந்தப் பொண்ணு.” வழியெல்லாம் அதையே இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து நனைந்த பெட்டியைப் பிரித்தோம். ஒரு ரீம்தான் கெட்டிருந்தது. மற்ற நாலையும் பேரப்பிள்ளைகள் படம் வரைய எடுத்துக்கொண்டார்கள். நான் 39 பெட்டிக்கு இன்வாய்ஸ் எழுதி அனுப்பினேன்.